சங்கிலி ரம்பத்தை நிறுத்தும் நூலிழை

மாணவர்களே, இந்த வாரப் பாடம் ஒரு காற்சட்டையைப் பற்றியது. மரம் அறுப்பவர்கள் அணியும் பாதுகாப்புக் காற்சட்டைதான் அது. ‘செயின்சோ’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சங்கிலி ரம்பத்தின் சத்தத்தை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். வயதான பால்மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் தோட்டத்திலும், டுரியான் தோப்பிலும், பலத்த காற்றில் சாலையில் சாய்ந்த மரத்தை அகற்றும் இடத்திலும் அது ஒலிக்கிறது. உங்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அண்ணனோ அந்த வேலையைச் செய்பவராக இருக்கலாம்.

முதலில் ஒரு புதிர். ஒருவர் புதிதாக ரம்பக் காற்சட்டை ஒன்றை வாங்குகிறார். நீளம் கொஞ்சம் அதிகம். தையற்கடையில் கொடுத்துக் கால்முனையை வெட்டித் தைத்துக்கொள்கிறார். கைப்பேசி வைக்க வசதியாக இடது தொடையின்மேல் ஒரு பையும் தைக்கச் சொல்கிறார். தையல்காரர் கெட்டிக்காரர். உள்ளே இருக்கும் அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுக்கிறார். இப்போது அந்தக் காற்சட்டை முன்பைவிட உறுதியாகிவிட்டதா, பலவீனமாகிவிட்டதா? உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நொடியில் எத்தனை பல்?

சங்கிலி ரம்பத்தில் ஒரு நீண்ட தட்டையான தகடு இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி இரும்புச் சங்கிலி ஓடும். சங்கிலியில் கூர்மையான வெட்டுப்பற்கள் வரிசையாக இருக்கும். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய பல்சக்கரம்தான் அந்தச் சங்கிலியை இழுத்து ஓட்டுகிறது. சைக்கிளில் பெடல் சக்கரம் சங்கிலியை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்குப் போடுவோம். பரவலாகப் பயன்படும் ஒரு சங்கிலியின் இடைத்தூர அளவு 3/8 அங்குலம். அதை ஓட்டும் பல்சக்கரத்தில் 7 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் சங்கிலி இரண்டு இடைத்தூரம் நகரும். ஆகவே, பல்சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சங்கிலி நகரும் தூரம்:

7 × 2 × 3/8 = 5.25 அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் இது ஏறக்குறைய 133 மில்லிமீட்டர், அதாவது 0.133 மீட்டர்.

பல்சக்கரம் நிமிடத்திற்கு 9,000 முறை சுற்றினால், நொடிக்கு 150 முறை. 150 × 0.133 = ஏறத்தாழ 20. அதாவது, சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர்!

எதிர்பாராத ஒன்று நடந்தால் மனிதக் கண் அதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்குச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் 4 மீட்டர் நீளச் சங்கிலி ஓடி முடிந்திருக்கும். இந்த வகைச் சங்கிலியில் சுமார் 38 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுப்பல் இருக்கும். 4 மீட்டரை 38 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு மேல் வரும். தொடையில் ரம்பம் பட்டுவிட்டது என்று ஒருவர் உணர்ந்து கையை எடுப்பதற்குள் நூறு பற்கள் அதே இடத்தைக் கடந்திருக்கும். “நான் கவனமாகத்தான் அறுப்பேன், எனக்கு எதற்கு இந்தத் தடித்த சிலுவார்?” என்று சொல்பவருக்கு இந்த ஒரு கணக்கே பதில். கவனம் அவசியம்தான். ஆனால் அந்த 0.2 நொடியில் கவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரும்பை இரும்பால் தடுக்கலாமா?

“தொடையில் இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டால் போயிற்று” என்று சிலர் நினைக்கலாம். தகடு கனமானது, முழங்காலை மடக்க விடாது, நம் நாட்டு வெயிலில் சூடேறும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஓடும் சங்கிலி கடினமான தகட்டில் பட்டால் வழுக்கியோ துள்ளியோ வேறு பக்கம் போகும். சங்கிலி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆபத்து இடம் மாறுமே தவிர நீங்காது.

ரம்பக் காற்சட்டை வேறு வழியைக் கையாள்கிறது. அது சங்கிலியையே நிறுத்துகிறது. எப்படி?

காற்சட்டையின் வெளித்துணியைச் சங்கிலி எளிதாக வெட்டிவிடும். அதற்குக் கீழே நீளமான, வலிமையான இழைகள் பல அடுக்குகளாக வைக்கப்பட்டிருக்கும். இந்த இழைகள் இறுக்கமாகப் பின்னப்பட்டவை அல்ல. தளர்வாக இருக்கும், பெரும்பாலும் விளிம்புகளில் மட்டுமே தைக்கப்பட்டிருக்கும். வெட்டுப்பல் இந்த அடுக்கைத் தொட்டதும் சில இழைகள் அறுபடும். ஆனால் பல இழைகள் பல்லில் சிக்கி, நீளநீளமாக உருவி வெளியே வரும். சங்கிலியோடு சேர்ந்து ஓடி, பல்சக்கரம் இருக்கும் குறுகிய இடத்துக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். பல்சக்கரம் அடைபட்டுவிடும். பெட்ரோல் இயந்திரமாக இருந்தால் அதன் கிளட்ச் வழுக்கும், அல்லது இயந்திரமே நின்றுபோகும். சங்கிலி நிற்கும். இவை எல்லாம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிகின்றன.

இதே செயலை வேறு இடங்களிலும் காணலாம். வெக்யூம் கிளீனரின் உருளைத் தூரிகையில் நீண்ட தலைமுடி சுற்றிக்கொண்டு அதை மெதுவாக்கிவிடும். மீன்பிடிப் படகின் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அங்கெல்லாம் தொல்லையாக இருக்கும் ஒன்றை, இங்கே பாதுகாப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று: இழை உருவி வரச் சுதந்திரமாக இருந்தால்தான் காற்சட்டை காக்கும். இனி நாம் பார்க்கப்போகும் எல்லா விதிகளும் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவைதான்.

என்ன இழை?

உள்ளடுக்கில் பொதுவாக மூன்று வகைப் பல்லுறுப்பி இழைகள் பயன்படுகின்றன.

முதலாவது, பாலியெஸ்டர். உங்கள் பள்ளிச் சட்டையிலும் கலந்திருக்கக்கூடிய அதே வகைப் பொருள்தான். விலை குறைவு.

இரண்டாவது, அராமிட். ‘கெவ்லார்’ என்ற வணிகப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் 1965இல் இதற்கு வழிகாட்டிய இழையைக் கண்டுபிடித்தார். குண்டு துளைக்காத உள்ளாடைகளிலும் இது பயன்படுகிறது. இது சூட்டில் உருகாது. மிக அதிக வெப்பநிலையில் சிதையும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரும் குளோரின் கலந்த வெளுப்பானும் இதைப் பலவீனப்படுத்தும்.

மூன்றாவது, மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன். ‘டைனீமா’ என்பது இதன் வணிகப் பெயர்களில் ஒன்று. நெகிழிப் பைக்குரிய பாலிஎத்திலீனின் உறவினன் இது. ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. ஒரே திசையில் நேராக அடுக்கப்பட்டவை. அதனால் இழுவிசையைத் தாங்கும் வலிமை அதிகம். நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கும். ஆனால் சுமார் 150 பாகை செல்சியஸில் உருகிவிடும்.

இந்த மூன்றில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே இருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும்.

சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கடையில் “இது செயின்சோ சிலுவார்தான்” என்று சொல்லித் தடித்த ஜீன்ஸ் துணியை நீட்டினால் நம்பிவிடக் கூடாது. ஜீன்ஸ் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது இறுக்கமாக நெய்த பருத்தி. பற்கள் அதை வெட்டிக்கொண்டே போகும். உருவி வந்து பல்சக்கரத்தை அடைக்க அதில் நீண்ட தளர்ந்த இழை கிடையாது.

அனைத்துலகத் தரத்தில் சோதிக்கப்பட்ட காற்சட்டையின் சீட்டில் ஈ.என். ஐ.எஸ்.ஓ. 11393 என்ற எண் இருக்கும். சற்றுப் பழைய ஆடைகளில் ஈ.என். 381 என்று காணலாம். கேடயம் போன்ற கட்டத்துக்குள் சங்கிலி ரம்பத்தின் படமும் இருக்கும். அதனருகே இரண்டு செய்திகளைத் தேடுங்கள்: வகுப்பு, வகை.

வகுப்பு என்பது சோதனையில் சங்கிலி ஓடிய வேகத்தைக் குறிக்கிறது. 

வகுப்பு 0: நொடிக்கு 16 மீட்டர்
வகுப்பு 1: நொடிக்கு 20 மீட்டர்
வகுப்பு 2: நொடிக்கு 24 மீட்டர்
வகுப்பு 3: நொடிக்கு 28 மீட்டர்

16க்கும் 28க்கும் 12 மீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். ஓடும் பொருளின் இயக்கச் சக்தி, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று படித்திருப்பீர்கள். வகுப்பு 1ஐயும் வகுப்பு 3ஐயும் ஒப்பிடுவோம். 28ஐ 20ஆல் வகுத்தால் 1.4. அதன் இருமடி 1.96. அதாவது, வேகம் 40 விழுக்காடுதான் கூடியது; சங்கிலியின் இயக்கச் சக்தியோ ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. அந்தச் சக்தியை விழுங்க அதிக இழை வேண்டும். அதிக இழை என்றால் தடிப்பு, கனம், வெப்பம் எல்லாம் கூடும்.

வகை என்பது காலின் எந்தெந்தப் பகுதியில் பாதுகாப்பு அடுக்கு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஏ, பி ஆகிய வகைகளில் அடுக்கு முக்கியமாகக் காலின் முன்புறத்தில் இருக்கும். பி வகையில் மறைக்கப்படும் பரப்பு சற்று அதிகம். சி வகையில் காலைச் சுற்றி முழுவதும் இருக்கும். 

தரையில் நின்று வேலை செய்யும் அனுபவசாலிகள் பெரும்பாலும் ஏ வகையை அணிகிறார்கள். ரம்பத்தை வலது கையால் பின்பிடியையும் இடது கையால் முன்பிடியையும் பற்றித்தான் இயக்குவார்கள். அப்போது சங்கிலி ஓடும் இடத்துக்கு அருகில் இருப்பது இடது காலின் முன்புறம். சங்கிலி ரம்பக் காயங்களில் கால் காயங்கள் அதிகம் என்பதும், அவற்றிலும் இடது காலில் படுபவை அதிகம் என்பதும் இதனால்தான். ரம்பத்துக்குப் புதியவர்களுக்கும், நிற்கும் நிலை அடிக்கடி மாறும் வேலைகளுக்கும் சி வகை கூடுதல் பாதுகாப்பைத் தரும்.

வெயிலும் ஒரு காரணிதான்

“அப்படியென்றால் எல்லாரும் வகுப்பு 3, வகை சி வாங்கிவிடலாமே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

இந்தத் தரங்கள் குளிர்நாடுகளில் பிறந்தவை. நம் நாட்டில் காலை பத்து மணிக்கே வெப்பநிலை 30 பாகையைத் தொட்டுவிடும். காற்றில் ஈரப்பதமும் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். தடித்த அடுக்கு காலைச் சுற்றி மூடியிருந்தால் வியர்வை ஆவியாகாது. உடலில் வெப்பம் தேங்கும். களைப்பு வரும், கால் தடுமாறும், கவனம் குறையும். கடைசியில் மனிதர் என்ன செய்வார்? காற்சட்டையைக் கழற்றி லாரியில் மாட்டிவிட்டு வேலை செய்வார். லாரியில் தொங்கும் வகுப்பு 3ஐவிட, காலில் இருக்கும் வகுப்பு 1 மேல்.

ஆகவே, தேர்வு என்பது பாதுகாப்பையும் வெப்பத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது. நம் தட்பவெப்பத்துக்கு உதவும் சில வழிகள்:

தொடையின் பின்புறத்தில் காற்றோட்டத்துக்கான ஜிப் வைத்த காற்சட்டைகள் உண்டு. பின்புறத் துணி மெல்லியதாக, நீளும் தன்மையுடையதாக இருப்பவையும் உண்டு. முன்புறக் கவசம் குறையாமல் வெப்பம் வெளியேற இவை வழி செய்கின்றன.

கடைகளில் ‘சாப்ஸ்’ என்று விற்கும் கால்மறைப்பு இன்னொரு வழி. இது காலின் முன்புறத்தை மட்டும் மூடும். இடுப்பிலும் காலின் பின்புறத்திலும் வார்களால் கட்டிக்கொள்ள வேண்டும். சாதாரணக் காற்சட்டைக்கு மேலே அணியலாம். ஓய்வு நேரத்தில் கழற்றிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வார்களைத் தளர்வாகக் கட்டினால், ஓடும் சங்கிலி மறைப்பையே ஒரு பக்கமாக இழுத்துச் சுழற்றிவிடும். மறைப்பு விலகிய இடத்தில் கால் திறந்து நிற்கும். எல்லா வார்களையும் மாட்டிக் காலோடு ஒட்டியிருக்கும்படி கட்ட வேண்டும்.

ஓய்வும் குடிநீரும் பாதுகாப்பின் பகுதிகள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

போட்டுப் பார்க்கும் சோதனை

சட்டையின் அளவைத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல் இதை இடுப்பில் வைத்துப் பார்த்து வாங்க முடியாது. வேலைக்குப் போடும் பூட்ஸையும் அணிந்துகொண்டு, கீழ்க்காணும் நான்கையும் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்று, நேராக நின்று பாருங்கள். பாதுகாப்பு அடுக்கு கீழே எங்கே முடிகிறது என்று விரலால் தடவினால் தெரியும், தடிப்பு மாறும். அது பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டிக் கீழே வர வேண்டும்.

இரண்டு, குந்துங்கள். காற்சட்டை மேலே ஏறும். அப்போதும் பூட்ஸுக்கும் அடுக்குக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது.

மூன்று, ஒரு காலைத் தூக்கி நாற்காலியின்மேல் வையுங்கள். சாய்ந்த மரத்தைத் தாண்டும் அசைவு இதுதான். தொடையில் இறுக்கிப் பிடித்தால் அளவு சிறியது.

நான்கு, முழங்காலுக்கு மேலே துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். முன்புற அடுக்கு எளிதாகப் பக்கத்துக்குப் போய்விட்டால் அளவு பெரியது.

தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இப்போது நம் புதிருக்கு வருவோம். நீங்கள் எழுதிய விடையை எடுத்துப் பாருங்கள்.

தொடையின்மேல் பையை வைத்து எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தபோது, தையல்காரர் அறியாமலேயே இழைகளைக் கட்டிப்போட்டுவிட்டார். தையல் விழுந்த வரிசையில் இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. வெட்டுப்பல் வந்தால் அவை உருவி வராது. நின்ற இடத்திலேயே துண்டுதுண்டாக அறுபடும். பல்சக்கரத்தை அடைக்க நீண்ட இழை போய்ச் சேராது. அதுவும், அடி அதிகம் விழக்கூடிய இடது தொடையில்! பார்வைக்கு உறுதியான தையல், பாதுகாப்பை அங்கே குலைத்துவிட்டது. கால்முனையை வெட்டியபோது அடுக்கின் கீழ்விளிம்பும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால், இழைகளைப் பிடித்திருந்த விளிம்புத் தையலும் போயிருக்கும். “பலவீனமாகிவிட்டது” என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்.

அப்படியானால் இந்தக் காற்சட்டையை நம் வசதிக்கு மாற்றவே முடியாதா? முடியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றம் உள்ளடுக்கைத் தொடுகிறதா?

தொடாத மாற்றங்களைச் செய்யலாம். இடுப்பிலிருந்து காற்சட்டை இறங்காமல் இருக்கத் தோள்வார் மாட்டிக்கொள்ளலாம். பாதுகாப்பு அடுக்கின் கனம் இடைவாரை எப்போதும் கீழே இழுப்பதால், தோள்வார் அழகுக்காக அன்று. அடுக்கு சரியான உயரத்தில் நிற்பதற்காக. பல காற்சட்டைகளின் இடைப்பட்டியில் இதற்கென்றே பொத்தான்கள் இருக்கும். கைப்பேசிக்கும் ஆப்புக்கும் முதலுதவிக் கட்டுத்துணிக்கும் தொடையில் பை தைப்பதற்குப் பதிலாக, இடுப்பில் கருவிப்பட்டை கட்டிக்கொள்ளலாம். 

நீளம் அதிகமென்றால், முதலில் அதே இடுப்பளவில் குட்டைக்கால் அளவு கிடைக்குமா என்று கடையில் கேட்பதே நல்லது. அடுக்கு முடிந்த பிறகு கீழே வெறும் துணி மட்டும் மிச்சமிருந்து, தயாரிப்பாளரின் குறிப்பேடும் அனுமதித்தால், அந்த வெறும் துணியை மட்டும் மடித்துத் தைக்கலாம்.

செய்யக் கூடாதவை: அடுக்கின் வழியாக ஊசி போகக் கூடாது, பெயர்ப்பட்டையைத் தொடையில் தைக்கக் கூடாது, காற்றுக்காகத் துளை போடக் கூடாது, கனம் குறைய உள்ளடுக்கில் ஒன்றை உருவி எடுக்கக் கூடாது. முள் கிழித்த சிறு கிழிசல் என்றால், வெளித்துணியை மட்டும் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் ஒட்டலாம். 

தையற்கடைக்குக் கொண்டுபோகும்போது, “அண்ணே, உள்ளே இருக்கிற பஞ்சு மாதிரி அடுக்கில் ஊசி படவே கூடாது” என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் தவறு செய்வது அரிது.

துவைப்பதிலும் வேதியியல்

எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய காற்சட்டையை அப்படியே விட்டால் இரண்டு கெடுதல். எண்ணெய் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்; ஒட்டிய இழை உருவி வராது. மேலும், அது எளிதில் தீப்பற்றும். ஆகவே, அழுக்கான காற்சட்டையைச் சீட்டில் உள்ள குறிப்புப்படி மிதமான சவர்க்காரத்தில் துவைக்க வேண்டும்.

குளோரின் வெளுப்பானைப் பயன்படுத்தக் கூடாது. அராமிட் இழையை அது கெடுக்கும் என்று மேலே பார்த்தோம். நேரடி வெயிலில் நாள்முழுதும் காய விடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். இஸ்திரி போடவே கூடாது: பருத்திக்கு வைக்கும் சூடு ஏறத்தாழ 200 பாகை, பாலிஎத்திலீன் இழை 150 பாகையிலேயே உருகிக் கட்டியாகிவிடும்.

ரம்பம் ஒருமுறை உள்ளடுக்கைத் தொட்டுவிட்டால், அந்தக் காற்சட்டையின் பணி முடிந்தது. வெளியே சிறு கிழிசல்தான் தெரியும். உள்ளே இழைகள் உருவப்பட்டு வெற்றிடம் இருக்கும். தைத்து மறுபடி போடலாம் என்று பார்க்கக் கூடாது. விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தைத் திரும்ப அணியக் கூடாது என்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

இதனால் முடியாதவை

எந்தக் காற்சட்டையும் ‘வெட்டவே வெட்டாது’ என்று உறுதி தராது. சோதனை வேகத்தைவிட வேகமாக ஓடும் சங்கிலி, முழு விசையுடன் அழுத்தப்பட்ட ரம்பம், அடுக்கு இல்லாத பின்புறம் ஆகியவற்றில் காயம் ஏற்படலாம். 

இப்போது பரவிவரும் மின்கல ரம்பங்களைப் பற்றியும் ஒரு சொல். மின்மோட்டார் மிகக் குறைந்த சுழற்சியிலும் பெரிய திருப்புவிசையைத் தரவல்லது. பெட்ரோல் எஞ்சினைப்போல் அது எளிதில் திணறி நிற்காது. இழைகள் சிக்கினாலும் அவற்றை இழுத்து அறுத்துக்கொண்டு ஓட வாய்ப்பு உண்டு. “சத்தம் குறைவு, சின்ன மிஷின்தானே” என்று அலட்சியம் கூடாது. காற்சட்டையுடன் வரும் குறிப்பேட்டில் மின் ரம்பத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யார் வாங்கித் தர வேண்டும்?

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. அந்தச் சட்டத்தின்படி செய்து கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. சம்பளத்துக்கு மரம் வெட்டும் உங்கள் உறவினர், ரம்பக் காற்சட்டையைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை என்பதை அவருக்கு நீங்கள் சொல்லலாம். 

சிறு சோதனை

ஆசிரியர் துணையுடன் செய்யுங்கள். 1.5 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறு பொம்மை மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவைச் சிறிதளவு சுற்றுங்கள். கம்பளி நூலைப் பிரித்துத் தளர்வான இழைக்கற்றையாக்கி, ஓடும் தண்டில் மெதுவாகத் தொடச் செய்யுங்கள். அடுத்து, அதே அளவு கம்பளி நூலை ஒரு துணித்துண்டில் நெருக்கமாகத் தைத்து, அதைத் தொடச் செய்யுங்கள். எது தண்டைச் சுற்றிக்கொள்கிறது? மோட்டார் எப்போது நிற்கிறது? நின்றவுடன் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கம்பி சூடேறும். இந்தச் சோதனையில் நீங்கள் மாற்றியது எது, கவனித்தது எது, மாறாமல் வைத்தது எது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். உண்மையான ரம்பத்தை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. மேலே கண்ட அதே சங்கிலியும் பல்சக்கரமும் நிமிடத்திற்கு 12,600 முறை சுற்றினால் சங்கிலியின் வேகம் என்ன? அது எந்த வகுப்பின் சோதனை வேகத்துக்குச் சமம்?

2. வகுப்பு 2இன் சோதனையில் சங்கிலியின் இயக்கச் சக்தி, வகுப்பு 1ஐப்போல் எத்தனை மடங்கு?

3. மழையில் நனைந்து சேறு அப்பிய காற்சட்டையைத் துவைக்காமல் மூன்று மாதம் அணிந்தால் அதன் பாதுகாப்பு குறையுமா? இழையின் சுதந்திரத்தை வைத்து விளக்குங்கள்.

4. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ சங்கிலி ரம்பம் பயன்படுத்துபவர் இருந்தால், அவருடைய காற்சட்டையின் சீட்டைப் படித்து வகுப்பையும் வகையையும் எழுதி வாருங்கள். சீட்டே இல்லையென்றாலும் தொடையில் தையல் இருந்தாலும், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.